சாரத்தின் இடது ஓரம்

இந்தக் காலத்து ஆட்களிடம் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. ரோட்டில் ஒருவன் விழுந்து கிடந்தால் முதலில் போனை எடுக்கிறார்கள். பிறகு சுற்றி நின்று, அவன் ஏன் விழுந்தான் என்று காரணம் சொல்கிறார்கள். குடித்திருப்பான், சீனி கூடின வருத்தமாயிருக்கும், யாராவது செய்வினை செய்திருப்பார்கள். காரணமெல்லாம் சொல்லி முடித்த பிறகும் அவன் அங்கேயே கிடந்தால், அப்போதுதான் ஒருவன் கை கொடுப்பான். மன்னார் பஸ் நிலையத்தில் கழுதை விழுந்தால் இதைவிடக் கெதியாகத் தூக்குவார்கள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்குக் காரணங்கள் அதிகம் தெரியாது.

எங்கள் கரையில் நடந்ததை ஆளுக்கொரு மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். எமிலியானுஸ் என்று என் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள். அதனால்தான் நானே சொல்கிறேன்.

ரஷ்யாவுக்குப் படிக்கப் போகிற எங்கள் பிள்ளைகள் டொக்டராகத் திரும்பிவரும். என் தம்பி மகள் டிலோஜினி கதைகளோடு திரும்பி வந்தாள். தம்பி இந்தியாவில் அகதி முகாமில் செத்துப்போனவன். இவள் அங்கே பிறந்து, தாயோடு இங்கே வந்து படித்து, கெட்டிக்காரி என்று ரஷ்யாவுக்கு அனுப்பப்பட்டவள். அங்கே போய் மருத்துவத்தை இடையில் விட்டுவிட்டு, அந்த நாட்டுச் சனத்தின் பழங்கதைகளைப் படிக்கத் தொடங்கிவிட்டாளாம். அங்கே சண்டை தொடங்கிய பிறகு, மிச்சத்தை ஊரிலிருந்து எழுதப்போகிறேன் என்று வந்துவிட்டாள். என் மனுசி எடித் போய்ச் சேர்ந்த பிறகு முன்னறையில் வலைதான் கிடந்தது. வலையைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு அறையை அவளுக்குக் கொடுத்தேன்.

வந்த புதிதில் ஒருநாள் கேட்டேன்.

"என்னத்தைப் பிள்ளை விடிய விடியப் படிக்கிறாய்?"

"ரஷ்யச் சனத்தின்ர பழைய கதையள், பெரியப்பா."

"அதைப் படிச்சு ஆருக்கு ஊசி போடப் போறாய்?"

அவள் சிரித்தாள். "கதையைப் படிக்கேல்லைப் பெரியப்பா. கதைக்குள்ள இருக்கிற நம்பிக்கையைத் தேடுறன். அதைச் சொன்ன சனம் எதுக்குப் பயந்தது, ஆரைக் கும்பிட்டது எண்டு. ஒருத்தன் சொன்னாக் கதை. ஒண்டையொண்டு காணாத பத்து ஊர்ச் சனம் ஒரே மாதிரிச் சொன்னா, அது நம்பிக்கை."

"பத்துப் பேர் சொன்ன பொய்யும் பொய்தான்."

"உங்களோட கதைக்கேலாது."

நாங்களும் சுறாவைக் கீறினால் வயிற்றுக்குள் என்ன கிடக்கிறது என்று பார்ப்போம்தான். ஒருமுறை செருப்புக்கூடக் கிடந்தது. ஆனால் அந்தச் செருப்பை யாரும் எடுத்துக் காலில் போடவில்லை.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின தபசு காலத்தில்தான் சாந்தரூபனுக்குக் கண்டம் வந்தது. அவன் கடலட்டை குளிக்கிற பெடியன். அடியில் இறங்கி அட்டை பொறுக்கிக்கொண்டு மேலே வரும்போது கைகால் இழுத்துத் தாழத் தொடங்கிவிட்டான். வள்ளத்தில் இருந்தவன் என் தங்கச்சி மேரி ரோஸின் மகன் மில்ரன். அவளுக்கு இருந்த ஒரே பிள்ளை. குதித்து, தலைமயிரில் பிடித்து இழுத்து, கரைக்குக் கொண்டுவந்து போட்டான். சாந்தரூபனின் பெண்சாதி றஞ்சிதா மில்ரனின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மீன் வாங்கவந்த ஜமால்தீன் எல்லாருக்கும் சோடா உடைத்தான்.

உயிர்த்த ஞாயிறு கழிந்து சில நாளில், கடல் குளம்போல் கிடந்த ஒரு காலை, மில்ரன் தனியே வலை எடுக்கப் போனான். வள்ளம் மட்டும் திரும்பி வந்தது. அடுத்த நாள் ஆள் மேற்குப் பக்கம் ஒதுங்கினான். நல்ல நீச்சல்காரன். எப்படி விழுந்தான் என்று யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அடக்கம் செய்தோம்.

மேரி ரோஸ் தன் வீட்டில் சமைப்பதை விட்டுவிட்டு என் வீட்டில் வந்து இருக்கத் தொடங்கினாள். பேசமாட்டாள். டிலோஜினி எழுதுவதைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருப்பாள். ஒரு பின்னேரம் நான் வாசலில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தேன். உள்ளே தங்கச்சி கேட்டது என் காதில் விழுந்தது.

"உன்ர கதையளில தண்ணிக்க போன பிள்ளையள் இருக்கினமோ?"

டிலோஜினி கொஞ்சம் தயங்கினாள். பிறகு சொன்னாள். அந்தப் பிள்ளை கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கேட்ட ஆளுக்குச் சொல்வதுதானே அவளுடைய வேலை.

வடக்கே ஒரு பெரிய குளக்கரையில் யெகோர் என்று ஒரு மீன்காரனாம். மாரியில் குளம் முழுக்க ஐஸாக உறைந்து கிடக்கும். ஐஸில் ஓட்டை போட்டு மீன் பிடிப்பார்கள். பக்கத்து வீட்டுப் பெடியன் ஒருவன் ஓட்டைக்குள் விழுந்துவிட்டான். யெகோர் தூக்கிவிட்டான். தண்ணீருக்கடியில் ஒரு கிழவன் இருக்கிறானாம். வதியனோயோ என்னவோ, வாய்க்குள் நுழையாத பெயர். தண்ணீர் அவனுடைய வீடு. விழுந்தவன் அவனுடைய ஆள். கேட்காமல் எடுத்தால் எடுத்தவனைக் கணக்கில் வைப்பான். யெகோர் வீட்டுக்கு வந்து அங்கியை அடுப்படியில் காயப்போட்டான். எல்லாம் காய்ந்தது. இடது ஓரம் மட்டும் காயவில்லை. எத்தனை நாள் போட்டும் காயவில்லை. ஐஸ் உருகிய அன்று யெகோர் அந்தக் குளத்துக்குள்ளேயே போய்விட்டான்.

"ஏன் இடது?" என்று மேரி ரோஸ் கேட்டாள்.

"அந்தக் கிழவன்ர உடுப்பில எப்பவும் இடது ஓரத்தால தண்ணி சொட்டுமாம் மாமி. அவன் மனுச வேசத்தில சந்தைக்கு வந்தாலும் சனம் அதை வைச்சுத்தான் கண்டுபிடிக்கும். அவன் குறிச்ச ஆளுக்கும் அப்பிடித்தான்."

பிறகு தங்கச்சி மெதுவாகச் சொன்னாள்.

"மில்ரன் இடுப்பில கட்டின சாரமும் காயேல்லை."

"எப்ப மாமி?"

"சாந்தரூபனைத் தூக்கின அண்டைக்குத்தான். தோய்ச்சுக் கொடியில போட்டனான். அடுத்தநாளும் ஈரம்."

இந்த இடத்தில் ஒரு நல்ல சொல் சொல்லியிருக்கலாம். சும்மா இருந்திருக்கலாம். ஆனால் டிலோஜினி பேனையை எடுத்துக்கொண்டு கேட்டாள். "எந்தப் பக்கம் மாமி?"

மேரி ரோஸ் யோசித்தாள். "இடப்பக்கம்."

நான் வலையைப் போட்டுவிட்டு உள்ளே போனேன். "சாரத்துக்கு எங்கயடி இடமும் வலமும்? அது வட்டமாத் தைச்ச சீலை. கொடியில கிடந்தா எது இடது?"

"எனக்குத் தெரியும் அண்ணை. நான்தானே தோய்ச்சனான்."

"அண்டைக்கு மழை பெய்தது."

"பெய்யேல்லை."

பெய்ததா என்று எனக்கும் இப்போது நிச்சயமில்லை. ஆனால் அவள் முகத்தில் ஒன்றைக் கண்டேன். மகன் செத்த நாளிலிருந்து முதன்முதலாக அவளுக்கு ஒரு காரணம் கிடைத்திருந்தது. அவள் அன்று இரவு சோறு சாப்பிட்டாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

டிலோஜினி சும்மா இருக்கவில்லை. ரஷ்யாவில் கண்ட நம்பிக்கை எங்கள் கரையிலும் இருக்கிறதா என்று பார்க்க, குரல் பதிகிற போனைத் தூக்கிக்கொண்டு மீன்காரரின் வாடி வாடியாகத் திரிந்தாள். மீன் நிறுக்கிற இடத்தில் ஜமால்தீனைப் பிடித்தாள்.

"ஜமால்தீன் நானா, கடல்ல தாழுற ஆளைத் தூக்கினா, தூக்கினவனுக்கு ஏதும் வருமெண்டு உங்கட ஆக்கள் சொல்லுறவையோ?"

"அப்பிடி ஒண்டும் இல்லைப் பிள்ளை. ஒரு உயிரைக் காப்பாத்தினா நன்மைதான் வரும்."

"பழைய ஆக்கள் ஆரும்? யோசிச்சுப் பாருங்கோ."

ஜமால்தீன் தாடியைச் சொறிந்தான். "யோசிச்சுச் சொல்லுறன்."

யோசித்தால் வராதது எது? அடுத்த கிழமை அவன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தானே அவளைத் தேடி வந்தான். அவனுடைய தகப்பனைப் பெற்ற மூத்தாப்பா ஒருக்கால் அப்படிச் சொன்னவராம்.

"போன கிழமை இல்லாத மூத்தாப்பா இந்தக் கிழமை எங்கயிருந்துடா வந்தவர்?" என்று கேட்டேன்.

"தேடினாத்தானே அண்ணன் ஞாபகம் வரும்." சிரித்தான். பிறகு சிரிப்பைக் குறைத்துக்கொண்டு, "ஏன், உங்கட அப்புவும் ஒரு ஆளைத் தூக்கினவர்தானே? அந்தப் பெரிய புயலில?" என்றான்.

தூக்கினவர்தான். பாலமும் ரயிலும் அள்ளுப்பட்ட அந்தப் புயலில், பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்துவந்த ஒருவனை எங்களைப் பெற்ற அப்பு கரைக்கு இழுத்துப் போட்டவர். அடுத்த வருசம் அவர் கடலுக்குப் போய் வரவில்லை. அது உண்மை. அவர் வைத்திருந்தது ஓட்டை வள்ளம், அதுவும் உண்மை. நான் ஜமால்தீனுக்கு ஓட்டை வள்ளத்தைச் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். ஆனால் அவன் வேறு எதையோ கேட்டுக்கொண்டு போனான் என்று தெரிந்தது.

அதற்குப் பிறகு கரையில் யாரைக் கேட்டாலும் "ஓம், எங்கட பழசுகளும் சொல்லுறவை" என்றார்கள். டிலோஜினிக்கு முதலில் சந்தோசம் தாங்காத புளுகம். சாப்பிடும்போதுகூட அதே கதை. பிறகு ஒருநாள் மத்தியானம் அவள் வெளிறிப்போய் என்னிடம் வந்தாள்.

"பெரியப்பா, இதைக் கேளுங்கோ."

போனில் ஒரு கிழவியின் குரல். கடல் ஒருத்தனைக் கேட்டால், எடுக்க முன்னம் அடியிலிருந்து தட்டுமாம். மூன்று தரம், கதவில் தட்டுகிற மாதிரி.

"அதுக்கென்ன?"

"யெகோரின்ர கதையில அது இருக்கு. ஐஸுக்குக் கீழயிருந்து மூண்டு தரம் தட்டுறது. ஆனா நான் அதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. மாமிக்கும் சொல்லேல்லை."

"நித்திரையில உளறியிருப்பாய்."

"பகிடி விடாதேங்கோ."

"நீதானே சொன்னனி, பத்துப் பேர் சொன்னா நம்பிக்கை எண்டு. சொல்லிப்போட்டினம். சந்தோசப்படன்."

அவள் போனை அணைத்துவிட்டு உள்ளே போனாள். மூன்று தரம் தட்டாத பேய் எந்த நாட்டில் இருக்கிறது என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தக் கிழவி யார் என்று கேட்க மறந்துபோனேன். பிறகு கேட்டபோது, டிலோஜினி தனக்கும் ஞாபகமில்லை என்றாள்.

அந்தோனியார் திருநாளில்தான் விசயம் எவ்வளவு தூரம் போய்விட்டது என்று பார்த்தேன். மில்ரன் சாந்தரூபனைத் தூக்கிய அன்று, றஞ்சிதா நேர்த்தி வைத்திருந்தாள், அந்தோனியாருக்குப் பேக்கரிப் பாண் வாங்கிச் சனத்துக்குக் கொடுக்கிறேன் என்று. அந்தோனியார் பாணை எங்கள் கரையில் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. எதிரி கொடுத்தாலும் கையேந்தி வாங்கி, நெற்றியில் தொட்டுவிட்டு வாயில் போடுவார்கள். பூசை முடிந்து சனம் வெளியே வந்தது. கோயில் வாசலில் சாந்தரூபன் பாண் பெட்டியோடு நின்றான். பக்கத்தில் றஞ்சிதா, இடுப்பில் கைக்குழந்தை.

சனம் அவனைச் சுற்றிக்கொண்டு போனது. ஒருத்தி செருப்புத் தேடுவதுபோல் குனிந்தாள். ஒருவன் போனைக் காதில் வைத்தான், போன் அடிக்கவேயில்லை. சின்னப்பிள்ளை ஒன்று கையை நீட்டியது. தாய் கையைத் தட்டிவிட்டாள்.

"ஏன் மாமி, அந்தோனியாற்ர பாண்தானே?" என்று றஞ்சிதா மேரி ரோஸைப் பார்த்துக் கேட்டாள்.

மேரி ரோஸ் படியில் நின்றாள். கறுப்புச் சீலை. அவள் சத்தம் போடவில்லை. "அது அந்தோனியாருக்குக் குடுக்கிற பாண் இல்லை. என்ர பிள்ளையை எடுத்ததுக்கு உன்ர மனுசன் குடுக்கிற கூலி," என்றாள்.

எனக்குப் பாண் பிடிக்காது, பல்லும் இல்லை. நான் போய் ஒன்றை எடுத்து, அங்கேயே நின்று, தண்ணீர் இல்லாமல் முழுவதையும் தின்றேன். தொண்டையில் அடைத்தது. சாந்தரூபன் என்னைப் பார்த்தான். "ஐயா, போதும், விடுங்கோ," என்றான்.

"இன்னொண்டு தா."

அதற்குப் பிறகு வள்ளம் வைத்திருக்கிற ஒரு சம்மாட்டியும் அவனை ஏற்றவில்லை. நேரே சொல்லமாட்டார்கள். ஆள் இருக்கு என்பார்கள், எஞ்சின் பழுது என்பார்கள். உண்மை என்னவென்றால், கடலில் அவனுக்கு ஒன்று நடந்தால் தூக்கவேண்டி வரும். தூக்கினால் தூக்கினவன் கணக்கில் விழுவான். கடல் அவனைக் கேட்டது, கிடைக்கவில்லை, மில்ரனை எடுத்தது, இன்னும் அவனை விடவில்லை என்று பேசிக்கொண்டார்கள். மீனவர் சங்கத்துக் கூட்டத்தில்கூட அவனுக்குப் பக்கத்துக் கதிரை வெறுமையாகக் கிடந்தது. சாந்தரூபனின் வீட்டில் அடுப்பு ஒருநாள் விட்டு ஒருநாள் எரிந்தது.

டிலோஜினி வீடு வீடாகப் போய், அது வெறும் கதை, உறைந்த குளத்துக் கதை, இங்கே ஐஸும் இல்லை, கிழவனும் இல்லை என்று சொன்னாள். சனம் கேட்டுவிட்டு, "நீ பயப்படுத்தக்கூடாது எண்டு சொல்லுறாய் பிள்ளை, எங்களுக்கு விளங்குது," என்றது.

மேரி ரோஸிடமும் போனாள். நானும் போனேன். தங்கச்சி கொடியில் ஒரு சாரத்தைப் போட்டுக்கொண்டு நின்றாள். மில்ரனுடையது. ஒவ்வொரு நாளும் தோய்த்துப் போடுகிறாளாம்.

"மாமி, சாந்தரூபன் என்ன பிழை விட்டவன்? அவனுக்கும் ஒரு பிள்ளை இருக்கு."

"நான் அவனை ஒண்டும் செய்யேல்லையே."

"எல்லாரும் உங்கட வாயைத்தான் பாக்கினம். நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னாப் போதும்."

"நீ சொல்லித் தந்ததைத்தானே பிள்ளை நான் சொல்லுறன்." மேரி ரோஸ் சாரத்தின் ஓரத்தைப் பிழிந்தாள். "அது இல்லையெண்டா, என்ர பிள்ளை ஏன் செத்தவன் எண்டு நீ சொல்லு. வேற காரணம் வைச்சிருக்கிறியோ?"

டிலோஜினி திரும்பி வீட்டுக்கு நடந்தாள். நானும் நடந்தேன்.

மடுக் கோயில் ஆடித் திருவிழாவுக்குப் போன சனம் திரும்பிய அடுத்த கிழமை. சோளகக் காற்றுப் பலத்து எங்கள் தென்கரைக் கடல் பொங்கிக் கிடந்தது. காலையில் நான் கரைக்குப் போனபோது ஆட்கள் கும்பலாக நின்றார்கள். எல்லாரும் ஒரே பக்கம் பார்த்தார்கள்.

சாந்தரூபன் தனியாக இறங்கியிருந்தான். வள்ளம் கிடைக்காதவன், மீன் பெட்டி செய்கிற வெள்ளை றெஜிபோமைத் துண்டு துண்டாகக் கட்டி ஒரு தெப்பம் செய்திருந்தான். வலையோடு போனவனை அலை பிரட்டிவிட்டது. தெப்பம் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். கால் வலைக்குள் மாட்டிவிட்டது. தலை தெரியும், பிறகு தெரியாது. தூரமும் இல்லை. ஒரு கல் எறிந்தால் விழுகிற தூரம்.

றஞ்சிதா தண்ணீருக்குள் இடுப்பளவு நின்று கத்தினாள். அவளுக்கு நீந்தத் தெரியாது. குழந்தையை மணலில் விட்டிருந்தாள். அது இருந்து மணலைத் தின்றது.

"என்னடா பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்று கேட்டேன்.

ஒருவனும் திரும்பவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எல்லாரையும் பிறந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். ஒருவன் அழுதுகொண்டு நின்றான். ஆனால் நின்றான். ஒவ்வொருவன் வீட்டிலும் பெண்சாதி பிள்ளை இருக்கிறது.

டிலோஜினி எங்கிருந்தோ ஓடி வந்தாள். அகதி முகாம் இருந்த மண்டபத்துக் கடலில் வளர்ந்தவள், நன்றாக நீந்துவாள். அவள் பாய்வாள் என்றுதான் நினைத்தேன். ஈர மணல் தொடங்குகிற இடம்வரை ஓடினாள். அங்கே அவளுடைய கால் நின்றது. யாரும் பிடிக்கவில்லை. தானே நின்றது. அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள், அது வேறு யாருடைய காலோ என்பதுபோல.

மேரி ரோஸ் மணலில் இருந்தாள். மகன் போன பிறகு காலையில் அவள் இருக்கிற இடம் அதுதான். "விடுங்கோ," என்றாள். "அது தன்ர ஆளைக் கேக்குது. விட்டா முடிஞ்சுது. இனி ஒருத்தரையும் கேக்காது."

நான் சேர்ட்டைக் கழற்றினேன்.

"அண்ணை!" அப்போதுதான் அவள் எழும்பினாள். "அண்ணை, நீங்கள் போகாதேங்கோ! அப்புவை நினைச்சுப் பாருங்கோ!"

"ஓட்டை வள்ளமடி!" என்று கத்திவிட்டு இறங்கினேன்.

ஜமால்தீன் பின்னால் ஓடிவந்து ஒரு கயிற்றை எறிந்தான். நல்ல பெடியன். ஆனால் அதன் மற்ற நுனியை அவன் கையில் பிடிக்கவில்லை. கரையில் கிடந்த வள்ளத்தின் முன் வளையத்தில் கட்டிவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். இழுத்தது வள்ளம், நான் இல்லை என்று சொல்லிக்கொள்ள.

கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு போனேன். என் வயதில் அலை ஆளை மதிக்காது. இரண்டு தரம் விழுந்தேன். உப்புத் தண்ணீர் மூக்கால் போய் வாயால் வந்தது. தெப்பத்தின் ஒரு துண்டு கையில் அகப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு கழுத்தளவில் நின்றேன். அப்போது தெப்பத்துக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டொக். பிறகு இன்னொன்று.

வலையின் ஈயக்குண்டு றெஜிபோமில் அடித்திருக்கும். வேறு என்ன? மூன்றாவது அடித்ததா என்று கேட்கிறார்கள். நான் எண்ணிக்கொண்டு நிற்கவில்லை. சாந்தரூபனின் தலைமயிர் என் கைக்கு எட்டியது. மில்ரன் பிடித்த அதே மயிர். பிடித்தேன்.

வலையை வெட்டக் கத்தி இல்லை. அவனுடைய காலைப் பிடித்து வலையோடு சேர்த்தே இழுத்தேன். ஒரு பெரிய அலை எங்கள் இருவரையும் தூக்கி ஆழம் குறைந்த இடத்தில் போட்டது. அங்கிருந்து கயிற்றைப் பிடித்துப் பிடித்து ஊர்ந்து வந்தோம். றஞ்சிதா வந்து ஒரு பக்கம் இழுத்தாள். வேறு ஒரு கையும் வரவில்லை.

கரையில் அவனைக் குப்புறப் போட்டு முதுகில் அடித்தேன். தண்ணீர் கக்கினான். மூச்சு வந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். நன்றி சொல்வான் என்று நினைத்தீர்களா? "ஏன் ஐயா தூக்கினீங்கள்?" என்றான். அழுதான். "இப்ப உங்களையெல்லோ…"

"வாயை மூடு. எழும்பி வீட்டை போ. பிள்ளை மண் தின்னுது."

நிமிர்ந்து பார்த்தேன். கும்பல் பின்னால் போயிருந்தது. எனக்கும் அவர்களுக்கும் இடையில் ஒரு வள்ளம் நிறுத்துகிற அளவு இடம். நேற்றுவரை என் தோளில் கை போட்டவர்கள். ஜமால்தீன் வள்ளத்து வளையத்திலிருந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். ஈரக் கயிற்றைத் தொடாமல், காய்ந்த முடிச்சை மட்டும் விரல் நுனியால் தள்ளித் தள்ளி அவிழ்த்தான்.

"என்னடா, கயிறு கடிக்குதோ?" என்று கேட்டேன்.

"அப்பிடி இல்லை எமிலி அண்ணன்," என்றான். ஆனால் கிட்ட வரவில்லை.

மேரி ரோஸ் மட்டும் கிட்ட வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து என் சாரத்தைப் பார்த்தாள். பிறகு முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு, மில்ரனுக்கு அழுததுபோலவே அழத் தொடங்கினாள். உயிரோடு நிற்கிற ஆளுக்கு முன்னால் அப்படி அழுதால் ஆளுக்கு எப்படி இருக்கும்?

"நான் இன்னும் சாகேல்லையடி," என்றேன்.

அவள் நிறுத்தவில்லை.

சேர்ட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். டிலோஜினி பின்னால் ஓடிவந்தாள். கையில் போன் இல்லை.

"பெரியப்பா, நான் போக நினைச்சனான். கால் வரேல்லை. எனக்கு அது கதையெண்டு தெரியும். தெரிஞ்சும் வரேல்லை."

"கண்டனான்."

"பெரியப்பா…" கொஞ்சத் தூரம் கூட வந்தாள். "கொஞ்ச நாளைக்குக் கடலுக்குப் போகாதேங்கோ. எனக்காக."

நான் நின்று அவளைப் பார்த்தேன். "நீயுமோ?"

அவளுடைய கண் கீழே போனது, மேரி ரோஸின் கண் போன அதே இடத்துக்கு. போன கண் அங்கேயே நின்றது.

"நாளைக்கு விடிய வலை எடுக்கப் போறன்," என்றேன். "அந்தப் பெடியனையும் ஏத்திக்கொண்டுதான் போறன். உன்ர புத்தகத்தில எழுது."

அவளை அங்கே விட்டுவிட்டு நடந்தேன். நல்ல வெயில். சோளகக் காற்று ஆளைத் தள்ளுகிறமாதிரி அடித்தது. கோயிலடி தாண்டும்போது முதுகு காய்ந்துவிட்டது, தலை காய்ந்துவிட்டது, சாரமும் அநேகமாகக் காய்ந்துவிட்டது. இடது காலில் மட்டும் ஏதோ குளிராகப் பட்டது. குனிந்து பார்த்தேன். ஓரத்தால் சொட்டிக்கொண்டிருந்தது. வந்த வழி மணலில் ஒரு பக்கம் புள்ளி புள்ளியாகக் கிடந்தது.

அந்தப் பக்கம்தானே வலைக்கு மேல் கிடந்து இழுபட்டது. ஈரம் கூடத்தான் இருக்கும்.

சாரம் வட்டமாகத் தைத்த சீலை. அதற்கு இடமும் வலமும் கிடையாது. கட்டைத் தளர்த்தி, ஒரு சுற்றுச் சுற்றி, ஈர ஓரத்தை வலப்பக்கம் கொண்டுவந்து இறுக்கிக் கட்டினேன். பிறகு நடந்தேன். குனிந்து பார்க்கவில்லை. பார்க்க அதில் என்ன இருக்கிறது?